ஆடை படமும் எங்கள் ஊர்த் தோள்சீலையும்

திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கும் என் பேத்தி சனிக்கிழமை வந்தால் தோளில் பையோடு நேராக அடுக்களைக்குத்தான் போவாள். சென்ற மாதம் வந்தவள் திண்ணையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "தாத்தா, ஆடைன்னு ஒரு படம், பாத்தியளா? அதுல நம்ம திருவிதாங்கூர்க் கதையெல்லாம் வருது" என்றாள். "அந்தப் பிள்ள துணியில்லாம நடிச்ச படம்தானே மக்களே?" என்று கேட்டேன். "ஆமா, அதான். ஆனா நீங்க பாக்கணும்" என்று சொல்லி, தன் கைபேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எழுபது வயது தாண்டிய கிழவன் திண்ணையில் உட்கார்ந்து இப்படி ஒரு படம் பார்ப்பதை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சத்தோடுதான் பார்த்தேன். போகிற வருகிறவர்களைப் பார்த்து இரண்டு தடவை திரையைக் கவிழ்த்தும் வைத்தேன்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 'ஆடை' 2019 ஜூலையில் வந்தது. இயக்கியவர் 'மேயாத மான்' எடுத்த ரத்னகுமார். நாயகி அமலா பால். வெளியாக வேண்டிய 19ஆம் தேதி பணச் சிக்கலால் காலைக் காட்சிகள் ரத்தாகி, பிறகுதான் படம் திரைக்கு வந்தது. பெரிய முதல்போட்டு எடுத்த படமில்லை என்பது பார்த்தாலே தெரியும். பாதிக்கு மேல் ஒரே ஒரு கட்டடம், அதற்குள் ஒரே ஒரு பெண். சென்சாரில் 'ஏ' சான்றிதழ்.

கதை நடப்பது ஒரு தொலைக்காட்சி அலுவலகத்தில். 'தொப்பி தொப்பி' என்று ஒரு குறும்பு நிகழ்ச்சி. தெருவில் போகிறவர்களை ஏமாற்றி, அவர்கள் முழிப்பதை ஒளித்துவைத்த கேமராவில் பிடித்து ஊருக்குக் காட்டிச் சிரிக்க வைப்பதுதான் அவர்கள் தொழில். அந்தக் கூட்டத்துக்குத் தலைவி காமினி. அம்மா வைத்த பெயர் சுதந்திரக்கொடி, அது பிடிக்காமல் தானே மாற்றிக்கொண்டவள். யாருக்கும் அடங்காதவள், எதற்கும் பந்தயம் கட்டுபவள். உடுப்பே இல்லாமல் செய்தி வாசிப்பேன் என்றுகூட வாய்விட்டுச் சொல்கிறாள். அலுவலகம் வேறு இடத்துக்கு மாறுகிறது. காலியான பழைய கட்டடத்தில் ஒரு ராத்திரி நண்பர்களோடு குடியும் கும்மாளமும். விடிந்து பார்த்தால் கட்டடத்தில் யாரும் இல்லை, உடம்பில் ஒரு நூலும் இல்லை.

அதன் பிறகு ஒரு மணி நேரம் அந்தப் பெண் படுகிற பாடுதான் படம். முகம் பார்க்கும் கண்ணாடியைத் தூக்கி மறைத்துக்கொள்கிறாள், கழிப்பறைக் காகிதத்தைச் சுற்றிக்கொள்கிறாள். கேமரா எதையும் காட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நிழலும் தூணும் தட்டுமுட்டுச் சாமானும் குறுக்கே வந்துகொண்டே இருக்கின்றன. நான் பயந்த மாதிரி ஒன்றுமில்லை. ஆபாசம் தேடிப் போனவன் ஏமாந்துதான் வந்திருப்பான்.

முன்பாதியில் அலுவலகச் சிரிப்பு, பின்பாதியில் அதே அலுவலகத்தில் பயம். சிரிப்பு வியாபாரம் நடந்த அதே இடத்தில், வியாபாரியையே நிறுத்தி வேடிக்கை காட்டுகிறார்கள். குறைந்த செலவில் படம் எடுக்கிறவனுக்கு வேறு சாமான் தேவையில்லை. ஒரு உடம்பும் ஒரு வெறும் கட்டடமும் போதும். இதுவரை எனக்கு ஒப்புதல்தான்.

அவள் சொன்ன 'நம்ம கதை' தொடக்கத்தில் வருகிறது. நங்கேலி கதையைச் சித்திரங்களாகக் காட்டித்தான் படமே ஆரம்பிக்கிறது. சேர்த்தலையில் முலைவரி கேட்டு வந்தவர்களுக்குத் தன் முலைகளை அறுத்து வாழையிலையில் வைத்துக் கொடுத்த நங்கேலி. இதுவே படத்தின் சாவி. ஏனென்றால் கடைசியில் காமினியை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது, அந்தக் குறும்பு நிகழ்ச்சியால் தன் வாழ்க்கையில் ஒரு முக்கியமான நாளை இழந்த பெண் என்று தெரிகிறது. அவள் பெயரும் நங்கேலி.

இங்கேதான் எனக்குத் தொண்டையில் முள் மாட்டியது.

நங்கேலி கதையைக் கேட்டு உருகாதவர்கள் கிடையாது. சேர்த்தலையில் முலைச்சிப்பறம்பு என்ற இடத்தை இன்றும் காட்டுகிறார்கள். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் இதற்கு அந்தக் காலத்து ஆவணச் சான்று எதுவும் வெளியே வந்ததில்லை. வாய்மொழியாக இருந்ததைப் பரவலாக்கியது கேரள ஓவியர் டி. முரளியின் படங்கள். முலைக்கரம் என்று ஒரு வரி இருந்தது உண்மை. ஆண்களிடம் தலைக்கரம் என்றும் பெண்களிடம் முலைக்கரம் என்றும் வாங்கிய ஆள்வரி அது. மார்பை மறைப்பதற்கும் மறைக்காததற்கும் அந்த வரிக்கும் தொடர்பில்லை என்று மனு எஸ். பிள்ளை போன்ற வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். நங்கேலி எதிர்த்தது சாதிக்கு விதித்த வரியை. மாராப்புக்காகச் செத்தாள் என்பது பிற்காலத்தார் சேர்த்த ஜாக்கெட் என்பது அவர் வாதம். எனக்கு அது சரியென்றே படுகிறது.

சரி, மாராப்புக்காகவே அடிபட்டவர்கள் யார்? அதற்குச் சேர்த்தலைக்குப் போக வேண்டாம். நம் கல்குளம், இரணியல், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம் போதும். வருஷம், மாதம், தேதி எல்லாம் காகிதத்தில் இருக்கிறது.

அன்றைய வழக்கத்தை இன்றைய கண்ணால் பார்த்தால் புரியாது. திருவிதாங்கூரில் மார்பைத் திறந்து நிற்பது மரியாதை. மேலே இருப்பவர் முன்னால் கீழே இருப்பவர் மேல்துணியை எடுக்க வேண்டும். நாயர் பெண் நம்பூதிரி முன்னால் எடுத்தாள். அதற்கும் கீழே வைக்கப்பட்ட நாடார், ஈழவப் பெண்களுக்கு மேல்துணியே கிடையாது. இந்த மரியாதையின் மிச்சத்தை இன்றும் காணலாம். திருவட்டார் ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தானே போகிறோம். சாமிக்குக் கழற்றுவது நாமாக விரும்பிச் செய்வது. மனுஷனுக்குக் கழற்றச் சொன்னதுதான் வழக்கு.

1806இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்து சேர்ந்தார். 1818 முதல் மீட் பாதிரியார் நாகர்கோவிலில் இருந்தார். லண்டன் மிஷன் பள்ளிகளில் பெண்பிள்ளைகள் படிக்க வந்தபோது மிஷனரி அம்மாமார் அவர்களுக்குத் தளர்ந்த ஒரு குப்பாயம் தைத்துக் கொடுத்தார்கள். மால்ட் அம்மையார் லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். கையில் நாலு காசு, உடம்பில் ஒரு சட்டை. சந்தைக்கும் கோயிலுக்கும் போகும்போது அதற்கு மேலே ஒரு சீலையையும் தோளில் போட்டுக்கொண்டார்கள். குப்பாயம் அவ்வளவாகப் பிரச்சினை ஆகவில்லை. அந்தத் தோள்சீலைதான் கண்ணை உறுத்தியது. 1822இல் கல்குளத்தில் சந்தைக்குப் போன பெண்களின் சீலையை இழுத்துக் கிழித்தார்கள். 1823இல் பத்மனாபபுரம் நீதிமன்றத்தில் பெண்களுக்குச் சாதகமாகவே தீர்ப்பு வந்தது. வந்து என்ன? 1827இல் மறுபடி தொடங்கி இரண்டு வருஷம் நடந்தது. பள்ளிக்கூடங்களுக்கும் ஜெபக் கூடங்களுக்கும் தீ வைத்தார்கள். 1829 பிப்ரவரி 3ஆம் தேதி ராணி கௌரி பார்வதி பாயி பிரகடனம் வந்தது: குப்பாயம் போடலாம், மேல்சாதிப் பெண்கள் போல மேல்சீலை போடக் கூடாது.

இந்த வருஷத்தைக் கொஞ்சம் மனதில் வையுங்கள், 1829.

என் அப்பாவுக்குப் புதுச்சேரியில் வேலை என்பதால் நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். எங்கள் வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு படம் உண்டு. தெலக்ருவா வரைந்தது, 1830 ஜூலையில் பாரிஸில் நடந்த புரட்சியைப் பற்றியது. பிணங்களின் மேல் ஏறி, கையில் மூவர்ணக் கொடியைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் ஜனங்களை நடத்திக்கொண்டு போகிறாள். அவள்தான் சுதந்திரம். உடை சரிந்து இரு மார்பும் திறந்திருக்கும். ஆசிரியர் அந்தப் பக்கத்தைச் சீக்கிரம் தள்ளிவிடுவார், நாங்கள் ராத்திரி மண்ணெண்ணெய் விளக்கில் மறுபடி திருப்புவோம், அது வேறு விஷயம். அதை வாங்கிய பிரெஞ்சு அரசாங்கமே பயந்துபோய் வெகுகாலம் மக்கள் கண்ணில் படாமல் வைத்திருந்தது. பயந்தது மார்புக்கு அல்ல, கொடிக்கு. இப்போது லூவ்ரில் இருக்கிறது.

நாயகியின் பெயர் சுதந்திரக்கொடி என்று படத்தில் கேட்டவுடன் எனக்கு அந்தப் பக்கம்தான் ஞாபகத்துக்கு வந்தது. இயக்குநர் அதை நினைத்து வைத்தாரோ என்னவோ. ஆனால் கணக்கைப் பாருங்கள். 1829இல் நம் ஊரில் ஒரு பெண் மார்பை முழுக்க மூடிச் சந்தைக்குப் போனது கலகம். அதற்கு மறுவருஷப் புரட்சியைப் பாரிஸ்காரர் வரைந்தபோது மார்பைத் திறந்து காட்டியதுதான் கலகம். இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றுதான், துணியை எடுப்பதும் போடுவதும் யார் இஷ்டம்?

மூன்றாவது கலகம் 1858 கடைசியில். நவம்பரில் விக்டோரியா ராணியின் பிரகடனம் வந்தது. மத விஷயத்தில் அரசு தலையிடாது என்றதை ஒவ்வொருவரும் தங்கள் வசதிக்குப் படித்துக்கொண்டார்கள். இனி வெள்ளைக்காரன் கேட்க மாட்டான் என்று ஒரு கூட்டம் மறுபடி சீலையைக் கிழிக்கத் தொடங்கியது. 1859 ஜனவரியில் நாகர்கோவில் பக்கம் பெரிய அடிதடி, வீடுகளுக்கும் தீ. மதராஸ் கவர்னராக வந்த ட்ரெவெல்யன் விடாமல் நெருக்கினார். திவான் மாதவராவ் காலத்தில், மகாராஜா உத்திரம் திருநாள் பெயரில், 1859 ஜூலை 26ஆம் தேதி உத்தரவு வந்தது.

அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து கோப்பு தள்ளியவன் நான். ஒரு உத்தரவை எடுத்தால் முதலில் 'ஆனால்' எங்கே இருக்கிறது என்றுதான் என் கண் போகும். அந்த உத்தரவிலும் இருக்கிறது. நாடார் பெண்கள் கிறிஸ்தவர்களைப் போலக் குப்பாயம் போடலாம். முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். வேறு எந்த விதத்திலும் மார்பை மறைத்துக்கொள்ளலாம். ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது. கொடுத்ததுபோலவும் இருக்க வேண்டும், கொடுக்காததுபோலவும் இருக்க வேண்டும். இதை எழுதிய குமாஸ்தா கெட்டிக்காரன், எந்தக் காலத்திலும் அவனுக்கு வேலை கிடைத்திருக்கும்.

அந்த 'ஆனால்' தானாகத் தேய்ந்து போக இன்னும் எத்தனையோ வருஷம் ஆனது. கொல்லம் பக்கம் பெரிநாட்டில் புலையப் பெண்கள் கழுத்தில் கட்டாயமாகப் போட்டிருந்த கல்மாலையை அறுத்தெறிந்து ரவிக்கை போட்டது 1915இல்தான். என் சிறுபிள்ளைப் பிராயத்தில், லீவுக்குப் புதுக்கடைக்கு வரும்போது, மேல்முண்டு மட்டும் போட்ட, காதில் பாம்படம் தொங்கும் கிழவிகளைப் பார்த்திருக்கிறேன். என் பாட்டி அந்தக் கூட்டமில்லை. அவளுக்கு ஜம்பர் இல்லாமல் முற்றத்துக்கும் இறங்க முடியாது. வெயில் எரிகிற சித்திரையிலும் கழுத்துவரை மூடிய வெள்ளை ஜம்பர். "ஏன் பாட்டி, அவிச்சல் எடுக்கல்லியா?" என்று கேட்டதற்கு, "எங்க அம்மைக்க அம்மை அடிவாங்கி வாங்கித் தந்தது மக்கா, அவிச்சலுக்காக ஊரிப்போட முடியுமா?" என்றாள். அன்று எனக்கு அது விளங்கவில்லை.

இந்த வரலாறு ஒரு காலத்தில் பாடத்திலும் இருந்தது. ஒன்பதாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. வரலாற்றுப் புத்தகத்தில் உடையின் சமூக வரலாறு என்று ஒரு பாடம், அதில் நம் தோள்சீலை பற்றி ஒரு பகுதி. ஆட்சேபம் கிளம்பி, கோர்ட்டுக்கும் போய், 2017 தேர்வில் அந்தப் பகுதியிலிருந்து கேள்வி வராது என்று சி.பி.எஸ்.இ. சுற்றறிக்கை விட்டது. 2019 மார்ச்சில் பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று அந்தப் பாடத்தையே எடுத்துவிட்டார்கள். அதே வருஷம் ஜூலையில் ஆடை படம் வந்தது. பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படித்திருக்க வேண்டியதை 'ஏ' சான்றிதழ் படத்தின் முதல் ஐந்து நிமிஷத்தில், அதுவும் சான்றில்லாத கதையாகப் பார்க்க வேண்டியதாயிற்று.

படத்தின் மேல் எனக்குள்ள வழக்கு இதுதான். நிர்வாணத்தைக் காட்டியதில் வழக்கில்லை. 'பண்டிட் குவீன்' படத்தில் ஒரு பெண்ணை ஊர் நடுவே உரிந்து நடத்திக் கொண்டுபோகும் காட்சியை எதிர்த்து வழக்குப் போட்டபோது, 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது ஞாபகம் இருக்கும். உடுப்பில்லாத உடம்பைக் கண்டால் எப்போதும் கெட்ட எண்ணம்தான் வரும் என்பதில்லை, பார்க்கிறவனுக்கு அந்தப் பெண்ணின் மேல் இரக்கமும் அதைச் செய்தவர்கள் மேல் அருவருப்பும் வரத்தான் அந்தக் காட்சி என்றது. அதற்கும் முன்னால், 1969லேயே, கோஸ்லா கமிட்டி கதைக்குத் தேவையென்றால் முத்தத்தையும் நிர்வாணத்தையும் தடுக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது. நமக்கு இதெல்லாம் புதிதுமில்லை. மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் சிதறால் மலையில் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக ஆடையில்லாத தீர்த்தங்கரர்கள் பாறையில் உட்கார்ந்திருக்கிறார்கள், நாம் பிள்ளைகுட்டிகளோடு சோறு கட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். அம்மணம் என்ற சொல்லே அமணர் என்பதிலிருந்து வந்தது என்று அகராதிக்காரர்கள் சொல்வார்கள். துறந்தவனின் பெயர் கடைசியில் வசவாகிப் போயிற்று.

என் வழக்கு அந்தப் பெயரில். நங்கேலி என்ற பெயர் உடம்பை அவமானப்படுத்தியவர்களை எதிர்த்தவளின் பெயர். அதை எடுத்து, இன்னொரு பெண்ணின் துணியை ராத்திரியில் உரிந்து பாடம் கற்பிக்கிறவளுக்கு வைத்துவிட்டார்கள். காமினி செய்தது தப்புதான். ஆனால் அதற்குத் தண்டனை துணியை உருவுவதா? 1822இல் கல்குளம் சந்தையில் நின்றவர்களும் திமிர்பிடித்த பெண்ணுக்குப் பாடம் கற்பிக்கிறோம் என்றுதானே சொல்லியிருப்பார்கள்? படம் நங்கேலியில் ஆரம்பித்து, சீலை கிழித்தவன் பக்கம் போய் நிற்கிறது. இயக்குநருக்கு அப்படி எண்ணமில்லை என்று நம்புகிறேன். ஆனால் கதை அங்கேதான் போய் நிற்கிறது.

பேத்தியிடம் இதைச் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "தாத்தா, நீங்க உடுப்பையே பாக்கீங்க. அந்த ஆபீஸப் பாருங்க. அடுத்தவனுக்க மானத்த வித்துச் சம்பளம் வாங்குத கூட்டம். அதத்தான் படம் கேக்குது" என்றாள்.

அதற்குப் பதில் சொல்லாமல் இருந்துவிட்டேன். காரணம் உண்டு. 1970களின் கடைசியில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் வயதான ஒரு பியூன் இருந்தார். முண்டுதான் உடுப்பு. இரண்டு கையிலும் நெஞ்சுவரை கோப்புகளை அடுக்கிக்கொண்டு மாடி ஏறுவார். ஒரு நாள் எங்களில் ஒருவன் பின்னாலிருந்து அவர் முண்டை உருவினான். கோப்பைப் போட்டால் சூப்பரின்டெண்டு திட்டுவார், போடாவிட்டால் மானம் போகும். அவர் கோப்பைப் போடவில்லை. கடைசிப் படிவரை அப்படியே ஏறி, கோப்புகளை மேஜையில் ஒழுங்காக வைத்துவிட்டு, பிறகுதான் திரும்பி வந்து முண்டை எடுத்து உடுத்தார். அலுவலகமே சிரித்தது. சினிமாவில் ஆம்பிளையின் வேட்டி அவிழ்ந்தால் சிரிக்கத்தானே நமக்குப் பழக்கம். நானும் சிரித்தேன். இரண்டு நாள் அவர் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தபோது முண்டின் மேல் தோல் பெல்ட் ஒன்றை இறுக்கிக் கட்டியிருந்தார். பணி ஓய்வு பெறும்வரை அந்த பெல்ட்டை அவர் விடவில்லை. அந்த இரண்டு நாளுக்கான விடுப்பு விண்ணப்பத்தை ஏற்று, வருகைப் பதிவேட்டில் 'சொந்த வேலை' என்று எழுதியவன் நான்தான்.

ஞாயிறு சாயங்காலம் பேத்தி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "அந்தத் தேதிய ஒரு தாளுல எழுதித் தாங்க தாத்தா, ஆபீஸ்ல சொன்னா நம்ப மாட்டாங்க" என்றாள். காலண்டர்த் தாளின் பின்பக்கம் 1829 பிப்ரவரி 3, 1859 ஜூலை 26 என்று இரண்டையும் எழுதி, இரண்டாவதற்குக் கீழே அந்த 'ஆனால்' வரியையும் சேர்த்துக் கொடுத்தேன். பாட்டி சொன்னதையும் எழுதவா என்று கேட்டேன். அதை வாயால் சொல்லுங்கள் என்று சொல்லி, பஸ் வரும்வரை நிறுத்தத்தில் நின்று கேட்டுக்கொண்டு போனாள்.